தொகுத்தறிவும் வகையீடும்: விறாந்தையில் அடிக்கடி வருகிற கேள்விகள்

யாழ்ப்பாணத்தில் எங்கள் ஒழுங்கையில் உயர்தரம் படிக்கிற பிள்ளைகள் ரியூசன் முடிந்து சைக்கிளைச் சாத்திவிட்டு, "அக்கா, இதொருக்கா பாருங்கோ" என்று விறாந்தையில் வந்து இருப்பார்கள். இணைந்த கணிதத்தில் அவர்கள் திரும்பத் திரும்பக் கொண்டுவருவது இரண்டு இடங்களைத்தான்: கணிதத் தொகுத்தறிவு (ஒரு முடிவு 1, 2, 3 என்று எல்லா எண்ணுக்கும் மெய் எனப் படிப்படியாக நிறுவுகிற முறை), வகையீட்டின் (ஒரு சார்பு எவ்வளவு வேகமாக மாறுகிறது என்று காண்பதன்) தொடக்கப் பகுதி. ஒரே பதிலை இருபது தரம் சொல்லிக் களைத்துப்போய் இதை எழுதுகிறேன்.

குறியீடு பற்றி ஒரு வார்த்தை. இங்கே தமிழ் எழுத்துகளையே மாறிகளாகப் போடுகிறேன். ந, ப, ம என்பன நிறையெண்கள், ய என்பது மாறி, த என்பது ய இல் வருகிற சின்ன அதிகரிப்பு. 2^ந என்றால் 2 இன் ந ஆம் அடுக்கு. கொப்பியில் நீங்கள் வழக்கமாகப் போடுகிற எழுத்துகளைப் போடுங்கள்.

பத்து எண்ணுக்குப் போட்டுப் பார்த்தன், எல்லாம் சரி வருது. பிறகும் ஏன் நிறுவோணும்?

ந² + ந + 41 என்பதை எடுங்கள். ந = 0 போட்டால் 41, 1 போட்டால் 43, 2 போட்டால் 47. எல்லாம் முதன்மை எண்கள். 10 போட்டால் 151, அதுவும் முதன்மை. 39 வரைக்கும் இப்படியே போகும். 40 போட்டால் 1681 வரும், அது 41 × 41. நாற்பது தரம் சரிவந்த ஒன்று நாற்பத்தோராம் தரம் காலை வாரிவிட்டது.

பெரிய ஆட்களும் இதில் விழுந்திருக்கிறார்கள். 2 இன் அடுக்காக இன்னொரு 2 இன் அடுக்கைப் போட்டு 1 கூட்டினால் 3, 5, 17, 257, 65537 என்று முதன்மை எண்களாகவே வருவதைப் பார்த்து, எப்போதும் அப்படித்தான் வரும் என்று ஃபெர்மா நம்பினார். அடுத்த எண் 4294967297. அது 641 × 6700417 என்று 1732 இல் ஒயிலர் காட்டினார். ஆகவே பத்து எண்ணுக்குச் சரிவந்தது நல்ல அறிகுறிதான், நிறுவல் இல்லை.

நிறுவ வேண்டியதையே "மெய் எனக் கொள்வோம்" என்று எழுதுறம். இது ஏமாத்து வேலை இல்லையோ?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. இதைக் கேட்காமல் தொகுத்தறிவைப் பாடமாக்குகிற பிள்ளையைவிட, இதைக் கேட்டு ஒரு கிழமை குழம்புகிற பிள்ளை எவ்வளவோ மேல்.

ரியூசன் கொட்டிலுக்கு வெளியே சைக்கிள்கள் நெருக்கமாக வரிசையாக நிற்பதை நினைத்துப் பாருங்கள். யாரோ அவசரத்தில் முதலாவது சைக்கிளைத் தட்டிவிடுகிறார். அது இரண்டாவதில் சாய்கிறது, இரண்டாவது மூன்றாவதில், கடகடவென்று கடைசிச் சைக்கிள் வரைக்கும் விழுகிறது. எல்லாம் விழும் என்று உறுதியாகச் சொல்ல இரண்டு விசயம் தெரிந்தால் போதும். ஒன்று, முதலாவது விழுந்தது. மற்றது, வரிசையில் எந்தச் சைக்கிளை எடுத்தாலும் *அது விழுந்தால்* அதற்கு அடுத்ததும் விழும், அதாவது நடுவில் எங்கும் இடைவெளி இல்லை. "ந = ப இற்கு மெய் எனக் கொள்வோம்" என்று எழுதும்போது பதினேழாவது சைக்கிள் விழுந்துவிட்டது என்று நீங்கள் சொல்லவில்லை. அது விழுந்தால் பதினெட்டாவதுக்கு என்ன நடக்கும் என்று மட்டும்தான் பார்க்கிறீர்கள். ஏமாற்று ஒன்றும் இல்லை.

அப்ப ந = 1 இற்குப் பார்க்கிறது சும்மா ஒரு சடங்குதானே?

இல்லை. 2 + 4 + 6 + … + 2ந = ந² + ந + 5 என்று நான் ஒரு பொய்யைச் சொல்கிறேன். ப இற்கு இது மெய் என்று கொண்டு அடுத்த உறுப்பு 2(ப+1) ஐ இரண்டு பக்கமும் கூட்டினால் வலப்பக்கம் ப² + 3ப + 7 வரும். (ப+1)² + (ப+1) + 5 ஐ விரித்தாலும் அதே ப² + 3ப + 7. இரண்டாம் படி அச்சொட்டாக வேலை செய்கிறது! ஆனால் ந = 1 போட்டால் இடப்பக்கம் 2, வலப்பக்கம் 7. சைக்கிள்கள் நெருக்கமாகத்தான் நிற்கின்றன, முதலாவதை யாரும் தட்டவில்லை, அவ்வளவுதான்.

இன்னொன்று. ந = 1 ஐச் சரிபார்க்கும்போது "1 இற்கு மெய்" என்று மட்டும் எழுதிவிட்டு ஓடாதீர்கள். இடக்கைப் பக்கம் இவ்வளவு, வலக்கைப் பக்கம் இவ்வளவு, ஆகவே சமன் என்று எழுதுங்கள்.

கணக்குச் சரி, ஆனால் புள்ளி குறையுது. ஏன்?

அனேகமாக வாக்கியத்தில். நானும் பள்ளிக்கூடத்தில் ஒரு தவணைப் பரீட்சையில் "எல்லா ப இற்கும் முடிவு மெய் எனக் கொள்வோம்" என்று எழுதி, பேப்பர் திரும்பி வந்தபோது அந்த "எல்லா" வைச் சுற்றி ஒரு சிவப்பு வட்டம் இருந்தது. அப்போது அநியாயம் என்று அழுகை வந்தது. யோசித்துப் பார்த்தால், எல்லா ப இற்கும் மெய் என்று கொண்டுவிட்டால் பிறகு நிறுவ என்ன இருக்கிறது?

எழுத வேண்டியது இப்படி: "யாதாயினும் ஒரு நேர் நிறையெண் ப ஐ எடுத்து, ந = ப இற்கு முடிவு மெய் எனக் கொள்வோம்." கடைசியில்: "ந = ப இற்கு மெய்யெனின் ந = ப + 1 இற்கும் மெய். ந = 1 இற்கு மெய் என்பதும் காட்டப்பட்டது. ஆகவே கணிதத் தொகுத்தறிவுக் கோட்பாட்டின்படி எல்லா நேர் நிறையெண் ந இற்கும் மெய்." முதலாம் பத்திரத்தின் பகுதி அ இல் ஒரு கேள்விக்கு 25 புள்ளி, அது படிகளுக்கு ஐந்தைந்தாகப் பிரிபடும். இந்த இரண்டு தமிழ் வாக்கியத்தை ஒழுங்காக எழுதப் பஞ்சிப்பட்டு ஐந்து புள்ளியை விட்டுவிட்டு வருகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும்.

கூட்டல் தொடர்க் கணக்கில் விரிச்சு விரிச்சு ஒரு பக்கம் முடிஞ்சுபோகுது.

விரிக்காதீர்கள். 1·2 + 2·3 + … + ந(ந+1) = ந(ந+1)(ந+2)/3 என்பதைப் பாருங்கள். ப இற்கு மெய் என்று கொண்டு அடுத்த உறுப்பு (ப+1)(ப+2) ஐக் கூட்டினால்

ப(ப+1)(ப+2)/3 + (ப+1)(ப+2)

என்று வரும். இரண்டிலும் (ப+1)(ப+2) இருக்கிறது, வெளியே எடுங்கள். உள்ளே ப/3 + 1, அதாவது (ப+3)/3. விடை (ப+1)(ப+2)(ப+3)/3. முடிந்தது, மூன்று வரி. விரித்தவர்கள் முப்படிக் கோவை ஒன்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பார்கள். எங்கே போய்ச் சேர வேண்டும் என்பதை, சூத்திரத்தில் ந இற்குப் பதிலாக ப+1 போட்டு, பக்கத்தில் பென்சிலால் முதலே எழுதி வையுங்கள். போற இடம் தெரிந்தால் வழி தானாகத் தெரியும்.

வகுபடும் கணக்கில் எங்க தொடங்கிறது எண்டே விளங்கேல்லை.

4^ந + 6ந − 1 என்பது 9 ஆல் வகுபடும் என்று காட்டச் சொன்னால், ந = 1 இற்கு 4 + 6 − 1 = 9, சரி. பிறகு ப இற்கு 4^ப + 6ப − 1 = 9ம் என்று எழுதுங்கள், "இங்கு ம ஒரு நிறையெண்" என்று கட்டாயம் சேருங்கள். ம நிறையெண் என்று சொல்லாவிட்டால் 9ம் என்பதற்கு ஒரு பொருளும் இல்லை, எந்த எண்ணையும் 9 தர ஏதோ ஒன்று என்று எழுதலாமே.

இப்போது சூட்சுமம்: இந்தச் சமன்பாட்டை 4^ப = 9ம − 6ப + 1 என்று மாற்றி எழுதி, ப+1 இற்கான கோவைக்குள் போடுங்கள்.

4(9ம − 6ப + 1) + 6(ப+1) − 1 = 36ம − 18ப + 9 = 9(4ம − 2ப + 1)

அடைப்புக்குள் இருப்பது நிறையெண். வேலை முடிந்தது. இந்த வகைக் கணக்குகளில் பெரும்பாலானவற்றுக்கு இதே கைமருந்துதான்.

சமனிலி வந்தால்?

அதில்தான் கொஞ்சம் மூளையைப் பாவிக்க வேண்டும். 2^ந > ந² என்பது ந = 1 இற்கு மெய், 2 இற்குச் சமன், 3 இற்குப் பொய், 4 இற்கு மறுபடி சமன், 5 இலிருந்து எப்போதும் மெய். ஆகவே தொடக்கம் 5: 32 > 25. எந்த எண்ணில் தொடங்கச் சொல்லியிருக்கிறார்கள் என்று கேள்வியை வாசியுங்கள், பழக்கதோசத்தில் 1 போடாதீர்கள்.

ப ≥ 5 ஆக, 2^ப > ப² எனக் கொண்டால் 2^(ப+1) > 2ப². நமக்குத் தேவை (ப+1)² ஐ விடப் பெரிது என்பது. அப்போது 2ப² − (ப+1)² ஐப் பாருங்கள்: அது (ப−1)² − 2. ப ≥ 5 என்பதால் இது குறைந்தது 14, நேர்ப் பெறுமானம். ஆகவே 2^(ப+1) > 2ப² > (ப+1)². சமனிலியில் அரைவாசிப் பேர் சறுக்குவது இந்த நடுப் படியில்தான். "தெளிவாகத் தெரிகிறது" என்று எழுதித் தப்பப் பார்ப்பார்கள், திருத்துகிறவருக்கு அது தெளிவாகத் தெரியாது. கழித்துக் காட்டுங்கள்.

வகையீட்டுக்கு வருவம். த இனால வகுக்கும்போது த பூச்சியம் இல்லை எண்டுறியள், அடுத்த வரியில த = 0 போடுறியள். எது சரி?

இதைக் கேட்டதற்கு வெட்கப்பட வேண்டாம். பார்க்லி என்ற பாதிரியார் இதே கேள்வியைக் கேட்டு 1734 இல் ஒரு நூலே எழுதினார். நியூட்டனும் லைப்னிற்சும் வகையீட்டைக் கண்டுபிடித்துப் பல பத்தாண்டு கழிந்த பிறகும் இதற்கு ஒழுங்கான பதில் இருக்கவில்லை, எல்லை என்ற எண்ணக்கருவை 19ஆம் நூற்றாண்டில் கோசி, வயர்ஸ்ட்ராஸ் போன்றவர்கள் திருத்தமாக வரையறுத்த பிறகுதான் வந்தது.

√ய ஐ முதற் தத்துவத்தில் வகையிடுவோம், அதாவது ய இல் த கூடும்போது √ய எவ்வளவு கூடுகிறது என்று பார்த்து, அதை த ஆல் வகுத்து, த ஐப் பூச்சியத்துக்குக் கிட்டக் கொண்டுபோவோம். (√(ய+த) − √ய)/த இல் நேரே 0 போட்டால் 0/0, ஒன்றும் சொல்ல முடியாது. மேலும் கீழும் √(ய+த) + √ய ஆல் பெருக்கினால் மேலே த மட்டும் மிஞ்சும், கீழே உள்ள த உடன் வெட்டுப்பட்டு 1/(√(ய+த) + √ய) வரும். த பூச்சியம் இல்லாத எல்லா இடத்திலும் இந்த இரண்டு கோவையும் ஒன்றே. எல்லை கேட்பது "த பூச்சியத்துக்குக் கிட்டப் போகப் போக இது எதற்குக் கிட்டப் போகிறது" என்பதை மட்டும்தான், பூச்சியத்திலேயே என்ன நடக்கிறது என்று அது கேட்பதே இல்லை. இரண்டாவது கோவை பூச்சியத்திலும் ஒழுங்காக இருப்பதால் அந்தப் பெறுமானத்தை எடுத்துக்கொள்கிறோம்: 1/(2√ய). இதுதான் √ய இன் பெறுதி.

ஒரு எழுத்து வேலை: 'எல்லை' என்ற குறியை ஒவ்வொரு வரியிலும் கொண்டு வாருங்கள், த இற்கு 0 போட்ட வரியில் மட்டும் விடுங்கள். நடுவில் விட்டுவிட்டால் சமன் குறி பொய்யாகிவிடும்.

எல்லைக் கணக்குக்கு லோப்பித்தால் விதி பாவிக்கலாமோ? யூரியூபில ரெண்டு வரியில செய்யினம்.

0/0 வரும்போது மேலையும் கீழையும் தனித்தனியாக வகையிட்டு எல்லை எடுக்கிற விதி அது. பாடத்திட்டத்தில் இல்லாத விதி, பரீட்சையில் அதை நம்பிப் போகாதீர்கள். வேறு காரணமும் உண்டு. ய பூச்சியத்தை அணுகும்போது (சைன் ய)/ய இன் எல்லை 1 என்பதை அந்த விதியால் காட்ட சைன் இன் பெறுதி வேண்டும், சைன் இன் பெறுதியைக் கண்டுபிடிக்கவோ அதே எல்லை வேண்டும். நாய் தன் வாலைத் துரத்துகிற கதை.

பழைய வழி ஒன்றும் நீளமில்லை. (1 − கோசைன் ய)/ய² இல் மேலும் கீழும் (1 + கோசைன் ய) ஆல் பெருக்கினால் மேலே சைன்² ய. [(சைன் ய)/ய]² × 1/(1 + கோசைன் ய). எல்லை 1 × 1/2 = 1/2. கோணம் ஆரையனில் இருக்க வேண்டும் என்பதை மறக்க வேண்டாம். பாகையில் என்றால் (சைன் ய)/ய இன் எல்லை 1 அல்ல, பை/180.

ய^ந இன் பெறுதி ந·ய^(ந−1) எண்டதைப் பாடமாக்கிறதோ?

ஒருதரம் நிறுவிவிட்டுப் பாடமாக்குங்கள். நீங்கள் பயந்த இரண்டு பாடமும் இங்கே சந்திக்கின்றன. ந = 1 இற்கு ய இன் பெறுதி 1, சரி. ப இற்கு மெய் எனக் கொள்வோம். ய^(ப+1) என்பது ய × ய^ப. பெருக்கல் விதியைப் போட்டால் 1·ய^ப + ய·ப·ய^(ப−1), அதாவது (ப+1)ய^ப. எனக்கு இந்த நிறுவலைப் பார்த்தால் ஒரு சந்தோசம். ஆனால் இது நேர் நிறையெண் அடுக்குகளுக்கு மட்டும்தான், பின்ன அடுக்குக்கும் மறை அடுக்குக்கும் தனியாகக் காட்ட வேண்டும்.

சங்கிலி விதியில் எப்பவும் ஏதோ ஒண்டு விடுபடுது.

வெளியிலிருந்து உள்ளே போங்கள். சைன்²(3ய) இல் வெளியே வர்க்கம், அதற்குள் சைன், அதற்குள் 3ய. மூன்று அடுக்கு என்றால் விடையில் மூன்று காரணி: 2 சைன் 3ய × கோசைன் 3ய × 3. எண்ணிப் பாருங்கள், பெரும்பாலும் விடுபடுவது கடைசி 3.

வளையி வரையும் கணக்கில் குறி அட்டவணை போடுறன், பிறகும் படம் பிழைக்குது.

ய/(ய−1)² ஐ எடுங்கள். வகையிட்டுச் சுருக்கினால் −(ய+1)/(ய−1)³. பெறுதி பூச்சியமாவது ய = −1 இல் மட்டும். பிள்ளைகள் அட்டவணையை −1 இல் மட்டும் வெட்டுவார்கள். ய = 1 இலும் வெட்ட வேண்டும், அங்கே சார்பே இல்லை. −1 இற்கு இடப்புறம் பெறுதி மறை, −1 இற்கும் 1 இற்கும் நடுவில் நேர், 1 இற்கு வலப்புறம் மறுபடி மறை.

சரி, −1 இல் மறையிலிருந்து நேருக்கு மாறுகிறது, ஆகவே (−1, −1/4) இழிவுப் புள்ளி. 1 இல் நேரிலிருந்து மறைக்கு மாறுகிறதே, அப்ப உயர்வா? போன மாதம் ஒரு தங்கச்சி அழகாக அங்கே ஒரு மலை கீறிக்கொண்டு வந்தாள். அங்கே சார்பு வரையறுக்கப்படவில்லை. இரண்டு பக்கத்தாலும் வளையி மேலே மேலே ஏறிப் போகிறது, ய = 1 நிலைக்குத்து அணுகுகோடு, அதாவது வளையி கிட்டக் கிட்டப் போகிற கோடு. ய மிகப் பெரிதாகும்போது சார்பு பூச்சியத்தை அணுகும் என்பதால் ய அச்சு கிடை அணுகுகோடு. வளையி உற்பத்தியூடாகப் போகும். இவ்வளவையும் எழுதிவிட்டுப் படத்தைத் தொடுங்கள்.

இரண்டாம் பெறுதி பார்த்தால் சுகம்தானே, ஏன் அட்டவணை?

ய⁴ இற்கு ய = 0 இல் இரண்டாம் பெறுதி 0, ஆனால் அங்கே இழிவு. ய³ இற்கும் அங்கே 0, ஆனால் உயர்வுமில்லை இழிவுமில்லை, அது விபத்திப் புள்ளி, வளைவு மறுபக்கம் திரும்புகிற இடம். இரண்டாம் பெறுதி பூச்சியம் என்றால் அந்தச் சோதனை வாய் திறக்காது. அட்டவணை எப்போதும் பதில் சொல்லும்.

வசனக் கணக்கில் சமன்பாடே வருகுதில்லை. உயர்வு இழிவு எல்லாம் பிறகுதான்.

மூடி இல்லாத உருளைத் தண்ணீர்த் தொட்டி, கனவளவு க என்று தரப்பட்டிருக்கிறது, ஆகக்குறைந்த தகட்டில் செய்ய வேண்டும். ஆரை ஆ, உயரம் உ. முதலில் எது மாறுகிறது, எது மாறாது என்று ஒரு வரி எழுதுங்கள்: "க மாறிலி, ஆ, உ மாறும்." இந்த ஒரு வரி எழுதாமல் க ஐயும் சேர்த்து வகையிட்டவர்கள் நிறையப் பேர்.

தகட்டின் பரப்பளவு பை·ஆ² + 2·பை·ஆ·உ. இதில் இரண்டு மாறி. க = பை·ஆ²·உ என்பதை வைத்து உ ஐ அகற்றினால் பை·ஆ² + 2க/ஆ. இப்போது ஆ குறித்து வகையிட்டுப் பூச்சியத்துக்குச் சமப்படுத்துங்கள்: 2·பை·ஆ − 2க/ஆ² = 0, அதாவது பை·ஆ³ = க. அதற்குக் குறைந்த ஆ இல் பெறுதி மறை, கூடிய ஆ இல் நேர், ஆகவே இழிவு. க இற்குப் பதிலாக பை·ஆ²·உ ஐத் திரும்பப் போட்டால் உ = ஆ. உயரமும் ஆரையும் சமன்! மூடியும் சேர்த்தால் உயரம் விட்டத்துக்குச் சமனாக வரும், அதை நீங்களே செய்து பாருங்கள்.

பரீட்சையில் நேரம்?

முதலாம் பத்திரம் மூன்று மணித்தியாலம், அதற்கு மேல் வாசிப்புக்குப் பத்து நிமிடம். பகுதி அ இல் பத்துக் கேள்வியும் கட்டாயம், பகுதி ஆ இல் ஏழில் ஐந்து, ஒவ்வொன்றுக்கும் 150. தொகுத்தறிவு வழமையாக முதலாவது கேள்வியாக வரும். ஏழு எட்டு நிமிடத்துக்குள் அது முடியவில்லை என்றால் இடம் விட்டுவிட்டு நகருங்கள், முதல் கேள்வியிலேயே பதற்றப்பட்டால் முழுப் பேப்பரும் ஆட்டங்காணும்.

போனில் படம் எடுத்தால் விடை முழுக்க வருது. அதைப் பார்த்துப் படிச்சால் என்ன?

செய்து முடித்த பிறகு சரிபார்க்கப் பாவியுங்கள். முதலே பார்த்தால் விளங்கின மாதிரி இருக்கும், அடுத்த நாள் வெற்றுக் கொப்பியில் ஒரு வரி ஓடாது.

கொஞ்சம் வித்தியாசமா ஒரு கணக்குத் தாங்கோ அக்கா.

சரி. ரியூசனுக்கு வருகிற எல்லாச் சைக்கிளும் ஒரே நிறம் என்று நான் நிறுவுகிறேன். ஒரு சைக்கிள் மட்டும் என்றால் அது ஒரே நிறம்தான். எந்த ப சைக்கிளை எடுத்தாலும் அவை ஒரே நிறம் எனக் கொள்வோம். இப்போது ப + 1 சைக்கிளை வரிசையில் விடுங்கள். கடைசியை விலக்கினால் மிச்சம் ப, அவை ஒரே நிறம். கடைசியைத் திரும்ப வைத்து முதலாவதை விலக்கினால் மிச்சம் ப, அவையும் ஒரே நிறம். நடுவில் உள்ள சைக்கிள்கள் இரண்டு கூட்டத்திலும் இருப்பதால் எல்லாம் ஒரே நிறம்.

வெளியே போய்ப் பார்த்தால் சிவப்பு, நீலம், கறுப்பு எல்லாம் நிற்கிறது. எங்கே பிழை? ப இற்கு 1 போட்டு, அந்த இரண்டு சைக்கிளுக்கும் "நடுவில்" எது நிற்கிறது என்று பாருங்கள்.